இது யாருடைய வாழ்க்கைமுறை?

சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் ‘வாழ்க்கைமுறை நோய்’ என்கிறார்கள். இந்த வாழ்க்கைமுறையை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தோழர்களே. சொந்த நிலம் இல்லாத சேரிப் பெண்கள் நாங்கள். விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறோம். தூக்குவாளியில் ரேஷன் அரிசிச் சோறு, தொட்டுக்கொள்ள உப்பேறிய ஊறுகாய். பசியை அடக்க வெற்றிலையும் புகையிலையும்.

கர்ப்பத்தில் பிரஷரோ சர்க்கரையோ வந்தவளுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாகும் ஆபத்து அதிகம். ஆனால் பிள்ளை பிறந்ததும் அவளைச் சோதித்துக்கொள்ள எங்களுக்கு நேரமில்லை. ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை தருகிறது. பகலில் எங்கள் வீடு பூட்டியிருக்கும். மாலையில் ஜீப் வந்து நிற்கும் இடத்திலும் சோதனை நடக்கட்டும். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாக்குவோம், உடன் வாருங்கள்.