வாத்தியாரிடம் கேட்க

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை கடை ஷட்டரை ஏற்றப் போனபோது, படியில் கூத்து வாத்தியார் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். காவேரிப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்றால் ஒரு காலத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“கண்ணு, உங்கப்பா என் நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சாரே, அது இருக்குதா?” என்றார்.

‘கர்ண மோட்சம்’ முழுவதையும் அவர் கைப்பட எழுதிய நோட்டு அது. கரையான் தின்றுவிட்டது. சித்திரைத் திருவிழாவில் அவருடைய பேரன் முதல்முறையாகக் கர்ணன் வேஷம் கட்டப் போகிறான். “மேளம் அடிச்சா பாதி பாட்டு வருது. மீதி வர மாட்டேங்குது” என்றார்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள், கோயில் நோட்டீஸ் என்று அவர் டைப் செய்த எல்லாமே ஒவ்வொரு கம்ப்யூட்டர் மாற்றும்போதும் கூடவே வந்துகொண்டிருந்தன. ‘கூத்து’ என்ற ஃபோல்டரும் இருந்தது. உள்ளே இரண்டே ஃபைல்கள், 2003-ல் சேமித்தவை. “இருக்குது வாத்தியாரே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். ஃபைல் இருந்தது, திறக்கவில்லை.

அப்பா வேலை செய்தது பேஜ்மேக்கரில். அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. இன்று நாம் போனில் தட்டும் தமிழ் யூனிகோட். உலகத்தில் எந்தக் கருவியிலும் ‘அ’ என்பதற்கு ஒரே எண்தான். யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால், நம் டி.டி.பி. கடைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஒட்டவைத்துத்தான் வேலை நடந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக ஒட்டியது. 1999-ல் சென்னையில் ‘தமிழ் இணையம் 99’ மாநாடு நடத்தி ஒரு பொது முறை கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் கடைக்குக் கடை பழைய முறைகளே ஓடின. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால், கர்ணன் பாட்டு வெறும் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாகத்தான் தெரியும்.

அப்பாவின் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. பழைய பிரின்டர் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருள் வேலை செய்யும். அம்மா அதைப் பீரோவில் சாவிக்கொத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். “பூட்டுன்னு சொன்னாரு, அதான் சாவியோட வெச்சேன்” என்றார். ஆனால், கடையில் இருப்பது விண்டோஸ் 10. நான் முயன்றவரை அந்த மென்பொருள் அதில் ஏறவே இல்லை.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். சிரித்தான். “எங்க கம்பெனியிலயும் ஒரு மெஷின் இன்னும் எக்ஸ்பிலதான் ஓடுது மாமா. மெஷின் நல்லா இருக்கு, எதுக்கு மாத்தணும்? இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதுல எக்ஸ்பி போடு. இருக்கிறதைத் தொடாதே.”

கிருஷ்ணகிரியில் 400 ரூபாய்க்கு ஒரு பழைய 80 ஜி.பி. டிஸ்க் கிடைத்தது. அப்பா காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பி சி.டி.யும், உறையின் மேல் 25 எழுத்துச் சாவியும் வீட்டில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். முதல் வேலையாக, விண்டோஸ் 10 இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினான். புதியது இருக்கும்போது பழைய விண்டோஸைப் போட்டால், அது கம்ப்யூட்டர் எழும்பும் வழியைத் தன் பக்கம் திருப்பி எழுதிவிடும்; அப்புறம் புதியது எழும்பாது. கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

அப்படியும் முதல் முயற்சியில் நீலத்திரை வந்து நின்றது. எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபர் 25-ல். பிறகு வந்த டிஸ்க் இணைப்பு முறை அந்த சி.டி.க்குத் தெரியாது. பயாஸில் போய், ஏ.எச்.சி.ஐ. என்றிருந்ததை ஐ.டி.இ. என்று மாற்றினான். டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ‘இன்னும் 39 நிமிடங்கள்’ என்று திரை சொன்னது. அம்மா போட்ட டீயும் நிப்பட்டும் காலியாவதற்குள், பச்சைக் குன்றும் நீல வானமும் வந்துவிட்டன. அது வரைந்த படம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். 1996-ல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஓ’ரியர் என்பவர் எடுத்த போட்டோவாம்.

“நெட் கனெக்‌ஷன் மட்டும் கொடுக்காதே மாமா” என்றான். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு நின்றுவிட்டன. இந்த டிஸ்க் வெளியுலகம் பார்க்காமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பூட்டைச் செருகி, எழுத்துருவை ஏற்றி, ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் வாத்தியார் பெயர், கீழே ‘காவேரிப்பட்டினம், தருமபுரி மாவட்டம்’. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல் அல்லவா? அதற்கு முந்தைய ஊர் அப்படியே திரையில் இருந்தது. 62 பக்கம், விருத்தமும் வசனமுமாக. நடுநடுவே தெலுங்குப் பாட்டு, தமிழ் எழுத்தில்.

மூன்று இடங்களில் மட்டும் பாட்டு பாதியில் நின்று, அடைப்புக்குறிக்குள் ‘வாத்தியாரிடம் கேட்க’ என்றிருந்தது. கையெழுத்து புரியாத இடங்கள். ஊகித்து எதையாவது போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அப்பா. கேட்பதற்குள் வேறு வேலை வந்திருக்கும்.

பத்து ராத்திரி உட்கார்ந்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றும் மென்பொருள் பல கொம்புகளையும் கால்களையும் இடம் மாற்றிவிட்டதால், ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டியிருந்தது. பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய், “அப்பா உங்ககிட்ட மூணு கேள்வி கேட்டிருக்காரு” என்றேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு அடிகளை அங்கேயே சொல்லிவிட்டார். மூன்றாவதற்குத் தொடையில் தாளம் போட்டபடி வெகுநேரம் இருந்தார். வரவில்லை. “மேடையில வரும் கண்ணு” என்றார்.

சித்திரையில் கூத்துக்குப் போனேன். பேரன் கர்ணனாக ஆட, வாத்தியார் பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். ராத்திரி மூன்று மணி இருக்கும். விட்டுப்போன அந்த இடம் வந்தது. பேரன் நிறுத்தினான். மிருதங்கம் நிற்கவில்லை. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு அந்த அடியைப் பாடிவிட்டார்.

போனை எடுத்து, அங்கேயே தட்டிக்கொண்டேன். அடைப்புக்குறியை அழித்தேன்.

இரண்டாவது டிஸ்க் இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது. அப்பாவின் ஃபோல்டர்கள் நிறைய பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று திறந்துகொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு சி.டி.யோ பழைய டிஸ்க்கோ இருந்தால், அது பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். திறக்கிறதா என்று பாருங்கள். கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே பாருங்கள்.