மழைக்கால மிதி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இன்று விடியற்காலை சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) கோவளம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்தேன். ஈரச் சாலையில் நிதானம்தான் பயிற்சி.

டயரில் காற்றை வழக்கத்தைவிட 10 பிஎஸ்ஐ குறைத்திருந்தேன், பிடிமானம் கூடும். ரிம் பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தி, ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட வேண்டும். சாலையின் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருக்கலாம், விலகிப் போங்கள்.

வீடு திரும்பியதும் முதலில் சைக்கிளைக் கவனியுங்கள். கடலோர உப்பும் மணலும் செயினைத் தின்றுவிடும். கழுவி, துடைத்து, உலர்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டிக்கு நாம் செய்யும் நன்றி அது.