முக்கால் லிட்டர்

ஏப்ரல் 5, 2024
அப்பாவுக்கு இனி செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காபி, ரசம், மோர், மாத்திரை முழுங்குவது எல்லாம் அதற்குள். இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம் ஏறிவிடுமாம். சித்திரை பிறக்கப்போகிற மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 6
தம்பி பெங்களூரிலிருந்து வந்தான். கையில் ஒரு கள்ளிச்செடி. பந்து மாதிரி உருண்டை, உடம்பெல்லாம் மஞ்சள் முள். "இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா, மறந்துட்டாலே போதும்." ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

ஏப்ரல் 11
அப்பா மொட்டைமாடியில் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஊற்றிவிட்டு, மண் தண்ணீரை இழுக்கும் சத்தம் அடங்கும்வரை குனிந்தபடியே நிற்கிறார்.

வேர் அழுகிவிடும்ப்பா என்றேன். வெயில் காலத்திலும் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்; பகலெல்லாம் துளைகளை மூடி வைத்துக்கொண்டு, ராத்திரி வெக்கை தணிந்ததும் திறந்து காற்றை எடுத்துக்கொள்கிற செடி இது என்றெல்லாம் படித்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தாயி" என்றார். சாயங்காலம் மறுபடியும் சொம்பு.

ஏப்ரல் 16
நான்கு நாளில் எடை 2.8 கிலோ ஏறியிருக்கிறது. நர்ஸ் அவரைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 22
நாளை அழகர் ஆற்றில் இறங்குவதால் டயாலிசிஸை இன்று காலையே முடித்துக்கொண்டோம். வந்து படுத்தவர் சாயங்காலம் எழுந்து, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போயே ஆகணும் என்றார். அம்மா தடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய், புதூர்ப் பக்கம் ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்தோம்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்ப் பந்தல். நீர்மோர், பானகம், தர்பூசணித் துண்டு. வாங்கிக்கொள்ளாவிட்டால் விடமாட்டார்கள். ஒரு பையன் பானக டம்ளரை அப்பா கையில் திணித்தான். அதைக் கண்ணில் ஒற்றி, என்னிடம் நீட்டினார். குடிக்கவும் முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை.

கருப்பசாமி வேஷம் கட்டின ஒருவர் தோல்பையை இடுக்கிக்கொண்டு கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சினார். அப்பா முகமெல்லாம் நனைந்தது. மேலுதட்டில் நின்றதை மட்டும் நாக்கால் எடுத்துக்கொண்டார். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 27
தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிட்டு, சொம்பையும் எடுத்து உள்ளே வைத்தேன். அப்பா கோபப்படவில்லை, சப்பாத்திக்கள்ளிக் கதையை ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் சிவப்புச் சாயப் பூச்சி வளர்க்கக் கள்ளியைக் கொண்டுவந்தது. சைதாப்பேட்டையில் ஆண்டர்சன் என்ற டாக்டர் அதற்கென்றே தோட்டம் போட்டது. பிறகு கள்ளி காடு கரையெல்லாம் மண்டி உழ இடமில்லாமல் போனது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டதும் கொத்துக் கொத்தாக விழுந்தது. "அதுக்கெல்லாம் எவன் தண்ணி ஊத்துனான்? வேண்டாம்னு எனக்குத் தெரியாதா தாயி?"

பிறகு ஏம்ப்பா ஊத்துறீங்க என்றேன். காபி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மே 4
அக்னி நட்சத்திரம். ஐஸ் கட்டி ஒன்று அரை மணி நேரம் வாயில் நிற்கிறது என்கிறார். பத்து நிமிஷம்தான்.

மே 9
தம்பி தந்த கள்ளியின் சொந்த ஊர் மெக்சிகோ. தண்ணீர் கிடைத்தால் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புகள் விரியும், வறண்டால் ஒடுங்கும். 1990-களில் அங்கே சிமாபான் அணை கட்டியபோது, இது வளர்ந்த பாறைச் சரிவுகள் பலவும் நீருக்குள் போயின. இப்போது காட்டில் அரிது, தொட்டிகளில் ஏராளம். அப்பாவிடம் சொன்னதற்கு, "தண்ணியிலயா போச்சு!" என்று ரொம்ப நேரம் சிரித்தார். பல வாரம் கழித்து இன்றுதான் அவர் சிரித்துப் பார்க்கிறேன்.

ராத்திரி அம்மா சொன்னாள்: "அவர்கிட்ட மில்லி கணக்கைத் தவிர வேற எதையாச்சும் பேசேன்." எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கணக்கை யார்தான் பார்ப்பதாம்?

மே 13
சொம்பு மறுபடி மாடியில் இருக்கிறது. வைத்தது நான்தான்.

மே 21
எடை 1.6 கிலோதான் ஏறியிருந்தது. கள்ளியின் அடியில் ஒரு பக்கம் பழுப்பு விட்டிருக்கிறது. பேனாவால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் வெறும் முதிர்ச்சி, அமுங்கினால் அழுகல். ஓர் இடத்தில் கெட்டி, பக்கத்திலேயே லேசாக அமுங்குகிறது. பிடுங்கி வேரைப் பார்ப்போமா என்றேன். வெள்ளிக்கிழமை போயிட்டு வந்து பார்க்கலாம் என்கிறார் அப்பா.