கிம்ச்சி பாட்டிலும் ஆத்தாவின் பழைய சோத்துப் பானையும்

மிளகாய் காயப்போட்டு மூட்டை கட்டுற வேலையில கொஞ்ச நாளா எழுத முடியல. இன்னைக்கு ஒரு சமையல் கதை.

சென்னையில படிக்கிற என் மக லீவுக்கு வந்தா, கூட ரெண்டு தோழிகளோட. கொரியா நாடகம் பார்த்துப் பார்த்து, "அப்பா, நம்ம வீட்டுல கிம்ச்சி போடலாம்ப்பா"ன்னு ஒரே பிடிவாதம். கொரியாக்காரங்க நீட்டு முட்டைக்கோஸ்ல போடுவாங்களாம். தேவிபட்டினம் பக்கம் அதுக்கு எங்க போறது? ராமநாதபுரம் மார்க்கெட்ல கிடைச்ச சாதா முட்டைக்கோஸ்தான் வாங்கிட்டு வந்தேன்.

கோஸை நறுக்கி, வாலிநோக்கம் கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் பிசறி ரெண்டு மணி நேரம் வச்சோம். தண்ணி விட்டுத் துவண்டு போச்சு. மூணு தடவை அலசி வடிய விட்டோம். அரிசி மாவுல கொஞ்சம் கூழ் காய்ச்சி, அதுல பூண்டு, இஞ்சி, மிளகாய்ப் பொடி கலந்தோம். அவங்க ஊரு மிளகாய்ப் பொடி காரம் கம்மி. நம்ம முண்டு மிளகாய் அப்படி இல்லையே! 2023ல புவிசார் குறியீடு வாங்குன மிளகாயாச்சே. விதையை உதறிட்டு, பாதி அளவுதான் போட்டோம். அவங்க மீன் சாறோ உப்பு இறாலோ சேர்ப்பாங்க. நாங்க பாம்பன் நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடிச்சுப் போட்டோம். முள்ளங்கி, கேரட் சேர்த்துப் பிசைஞ்சு, தன் தண்ணியிலயே அமுங்குற மாதிரி பாட்டில்ல அமுக்கி வச்சாச்சு.

தப்பு பண்ணினது நான்தான். மூடியை நல்லா இறுக்கிட்டேன். கொரியாவுல குளிர்காலத்துக்கு முன்னால ஊரே கூடிப் போட்டு, சாடியை மண்ணுல புதைச்சு வைக்கிற வழக்கம் உண்டு. அப்படிக் கூடிப் போடுறதை 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேர்த்தாங்க. குளிர்ல அது மெல்லப் புளிக்கும். நம்ம சித்திரை வெயிலுக்கு? மறுநாள் காலையில மூடியைத் திறந்ததும் புஸ்ஸுன்னு பொங்கிச் சுவத்துக் காலண்டர் பூரா சிவப்பு. மிச்சத்தை உடனே ஃபிரிட்ஜுல வச்சோம். நீங்க போட்டா மூடியைத் தளர்வா வைங்க.

அப்படிப் பொங்க வைக்கிறது லாக்டிக் அமிலம் உண்டாக்குற நுண்ணுயிரிகள். உப்பும் புளிப்பும் கெட்ட கிருமியை அண்ட விடாது. நல்லது தங்கிப் பெருகும். 2021ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 36 பேரை வச்சு 10 வாரம் பார்த்தாங்க. தயிர், கிம்ச்சி மாதிரி புளிச்ச உணவை நிறைய சாப்பிட்டவங்க குடல்ல நுண்ணுயிரி வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சியைக் காட்டுற புரதங்கள் குறைஞ்சுச்சு. சின்ன ஆய்வுதான். மருந்துன்னு நினைச்சுக்க வேண்டாம். உப்பு ஜாஸ்தி, பிரஷர் இருக்கவங்க அளவா தொட்டுக்கங்க. கொதிக்க வச்சா அந்த உயிரெல்லாம் செத்துரும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

இதையெல்லாம் என் மக தோழிகளுக்கு விளக்கிக்கிட்டு இருந்தா. நான் ஆத்தாவைத் தேடி அடுப்படிக்குப் போனேன். குதிருக்குப் பின்னால குனிஞ்சு எதையோ தள்ளிக்கிட்டு இருந்தாங்க. பார்த்தா, பழைய சோத்துப் பானை.

"எதுக்கு ஆத்தா அதை அங்க வைக்கிற?"

"பட்டணத்துப் புள்ளைக வந்திருக்குல்ல. நாத்தம் அடிக்குதும்பாக."

"யாரு சொன்னா?"

"நீதானப்பா சொன்ன. ஆறாப்பு படிக்கையில வாத்தியாரு வீட்டுக்கு வந்தாருல்ல. பானையை உள்ள வய்யி, அசிங்கமா இருக்குன்னு."

எனக்கு அது சுத்தமா மறந்து போச்சு. ஆத்தாவுக்கு மறக்கல. நாப்பது வருஷமா வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்தப் பானை குதிருக்குப் பின்னாலதான் போயிருக்கு. மழை பொய்ச்ச வருஷங்கள்ல எங்க நாலு பேரு வயித்தையும் காப்பாத்தின பானை அது. அதே புளிப்புதான், அதே நுண்ணுயிரிக் கூட்டந்தான் அந்த நீச்சத்தண்ணியிலயும் இருக்கு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலயே குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு எப்படி உதவுதுன்னு ஆராய்ச்சிக்கு எடுத்தாங்க. கொரியாக்காரன் சாடியை ஊர் கூடிக் கொண்டாடுறான். நான் என் ஆத்தாவை ஒளிச்சு வைக்க வச்சிருக்கேன்.

ஒண்ணும் பேச வரல. பானையைத் தூக்கிட்டுப் போய்த் திண்ணையில நடுவுல வச்சேன். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், பக்கத்துல அந்தக் கிம்ச்சி. தோழிகள்ல ஒருத்தி ரெண்டாவது தடவையும் கும்பாவை நீட்டுனா. ஆத்தா ஊத்திக்கிட்டே இருந்தாங்க, முகத்துல சிரிப்பு.

"அப்பத்தா, கிம்ச்சி எப்படி இருக்கு?"

"நல்லாத்தேன் இருக்கு தாயி. இன்னும் ரெண்டு கருவாடு போட்டிருக்கலாம்."

ராத்திரி மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்தி மண்சட்டியில மூடி வைங்க. மறுநாள் காலையிலயே குடிச்சிருங்க, வெயில் காலத்துல சாயங்காலம் வரைக்கும் இழுக்க வேண்டாம். உங்க வீட்டுலயும் யாராவது ஒரு பானையை ஒளிச்சு வச்சிருந்தா, போய் எடுத்து முன்னால வைங்க.