அப்பாவின் விரல், மகனின் சைக்கிள்

முத்தரசநல்லூரைத் தாண்டும்போதுதான் அது ஆரம்பிக்கும். முதலில் வலது பாதத்தின் அடியில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், சுடுமணலில் நிற்பதுபோல ஓர் எரிச்சல். ஜீயபுரம் வருவதற்குள் எரிச்சல் போய், மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துவிடும். முக்கொம்பில் இறங்கி நிற்கும்போது அந்த இரண்டு விரல்களும் ஷூவுக்குள் இருக்கின்றனவா என்றே தெரியாது.

திருச்சி தில்லைநகரில் வசிக்கும் அவருக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஓய்வு பெறும் சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரையோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்றார் டாக்டர். நடந்தால் முழங்கால் வலித்தது. அப்போதுதான் மாடிப்படிக்கு அடியில் கிடந்த கியர் சைக்கிள் கண்ணில் பட்டது. மகன் கல்லூரி நாள்களில் ஓட்டியது. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். துடைத்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டதும் புதுசுபோல ஓடியது.

முதல் இரண்டு மாதங்கள் குடமுருட்டிப் பாலம் தாண்டி கம்பரசம்பேட்டை வரைதான் போவார். பிறகு தைரியம் வந்தது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் காவிரியை ஒட்டிய கரூர் சாலையில் முக்கொம்பு வரை ஒரே மூச்சு. அங்கே காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வழியில் சர்க்கரை போடாத ஒரு டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்புவார். சர்க்கரை அளவு இறங்கியது. பேன்ட்டுக்கு பெல்ட் தேவைப்பட்டது. மனைவிக்கே ஆச்சரியம்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன.

வேறு யாராக இருந்தாலும் ஷூவைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவருக்கு நினைவுக்கு வந்தது அவருடைய அப்பா. 'கால் மரமரன்னு இருக்குடா' என்று அப்பா அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் செருப்புக்குள் கிடந்த சிறு கல் கட்டைவிரலைக் கிழித்திருக்கிறது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் புண் இருப்பதே தெரிந்தது. விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்பா எப்போதும் வேட்டியைத் தழைத்துக் கட்டி, பாதத்தை மறைத்துக்கொண்டே நடந்தார்.

அதனால் இவர் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, விரல்களைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார். வலிக்கும். 'இன்னும் இருக்கு' என்று நினைத்துக்கொண்டு படுப்பார். காலையில் சைக்கிளை எடுக்கும்போது மறுபடி பயம். 'டயர்ல காத்து இல்ல', 'மழை வர்ற மாதிரி இருக்கு', 'கொஞ்சம் தலைவலி' என்று காரணங்கள் வளர்ந்தன. வாரத்தில் நான்கு நாள் என்பது ஒரு நாளாகி, பிறகு சைக்கிள் மறுபடியும் மாடிப்படிக்கு அடியில் போனது.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டார். "என்னங்க, நல்லாத்தானே போயிட்டிருந்தீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் பதில் சொல்லாமல் வலது காலை நீட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"மாமாவுக்கு ஆன மாதிரி ஆகிடும்னு பயந்துக்கிட்டு, அதை என்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தீங்களா?" என்ற மனைவி, அன்று மாலையே டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, "தெரியும்போது சொல்லுங்க" என்றார். எல்லா இடத்திலும் தெரிந்தது. அதிரும் கவை ஒன்றைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வும் தெரிந்தது. பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடித்துடிப்பைப் பார்த்தார். அதுவும் நன்றாக இருந்தது.

"எப்ப மரக்குது?"

"சைக்கிள் ஓட்டும்போது மட்டும்தான் சார்."

"இறங்கினா?"

"பத்து நிமிஷத்துல சரியாயிடுது."

"ராத்திரி படுத்திருக்கும்போது எரிச்சல், குத்தல் இருக்கா? ரெண்டு கால்லயுமா?"

"இல்ல. வலது கால்தான்."

சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் வரும், சும்மா இருக்கும்போதும் இருக்கும், இரவில் அதிகமாகும் என்று டாக்டர் விளக்கினார். பாதத்தின் நீள எலும்புகளுக்கு நடுவேதான் விரல்களுக்குப் போகும் நரம்புகள் செல்கின்றன. பெடல் கீழிருந்து அழுத்த, ஷூ பக்கவாட்டில் நெருக்க, நடுவில் மாட்டும் நரம்பு மரத்துப்போகிறது. இவருக்கு நடந்தது அதுதான்.

"போட்டு ஓட்டுற ஷூ இதுதானா? கழட்டுங்க" என்றார். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் அவரை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின்மேல் ஷூவை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எட்டாம் நம்பர் ஷூதான் வாங்குகிறார். வயதாக ஆக பாதம் அகலமாகும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் மிதித்தால் பாதம் இன்னும் கொஞ்சம் வீங்கும். போதாததற்குத் தடிமனான சாக்ஸ் வேறு.

மறுநாள் மாலை ஷூ வாங்கப் போனார்கள். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில்தான் அளவு சரியாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நம்பர் பெரிதாக, முன்பக்கம் அகலமாக, அடிப்பாகம் எளிதில் வளையாததாகப் பார்த்து எடுத்தார்கள். மெத்தென்ற அடிப்பாகம் நடக்கச் சுகமாக இருக்கும். சைக்கிளிலோ பெடலின் அழுத்தம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். விறைப்பான அடிப்பாகம் அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும்.

மீதிக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் சைக்கிள் கடைக்காரர். பிரேக் கட்டை மாற்றப் போன இடத்தில், ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தவர் சிரித்தார்.

"சார், நுனிக்கால்ல எட்டி எட்டி மிதிக்கிறீங்க. இந்த சீட்டு யாரு உயரத்துக்கு வச்சது?"

மகனின் உயரத்துக்கு வைத்தது. அவன் அப்பாவைவிட நான்கு அங்குலம் உயரம். இத்தனை மாதங்களில் சீட்டை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைக்காரர் அவரைச் சுவரைப் பிடித்தபடி உட்கார வைத்தார். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதில் குதிகாலை வைக்கச் சொன்னார். குதிகால் எட்டவில்லை. இடுப்பு சாயாமல் குதிகால் பெடலில் பதிந்து, முழங்கால் நேராகும் அளவுக்குச் சீட்டை இறக்கினார். "இப்ப விரல்ல மிதிக்காதீங்க. விரலுக்குப் பின்னால இருக்கிற அகலமான இடம் பெடல் மேல வரணும். கடினமான கியர்ல போட்டு அழுத்தாதீங்க, லேசான கியர்ல வேகமா சுத்துங்க. லேஸையும் இவ்வளவு இறுக்காதீங்க" என்றார். சீட்டை இறக்கியதற்குக் காசு வாங்கவில்லை.

முதல் நாள் கம்பரசம்பேட்டை வரை போய்த் திரும்பினார். மறுவாரம் முத்தரசநல்லூர் வரை. பயம் மட்டும் அங்கே காத்திருந்தது. விரல்கள் மரக்கவில்லை. ஒருநாள் ஜீயபுரத்தில் லேசாக எரிச்சல் வந்தது. சைக்கிளை நிறுத்தி, லேஸைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் விரல்களை மடக்கி நீட்டினார். சரியாகிவிட்டது.

டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறை காரணம் ஷூ, சீட்டு. அதற்காக அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கிய பிறகும் மரமரப்பு போகாவிட்டால், இரவில் எரிந்தால், நிறம் மாறினால், சிறு புண் வந்தால் உடனே வர வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும். தினமும் வீட்டில் பார்க்க வேண்டும்.

அந்தத் தினசரி வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "காலைக் காட்டுங்க" என்று டார்ச்சும் கையுமாக வந்து உட்காருவார். விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் டிவி.

"எங்க அப்பா காலை இந்த மாதிரி யாராவது தினம் பார்த்திருந்தா..." என்று ஒருநாள் ஆரம்பித்தார் அவர். முடிக்கவில்லை. மனைவி டார்ச்சை இடது காலுக்குத் திருப்பினார்.

மறுநாள் காலை முக்கொம்பில் இறங்கி நின்றபோது, ஷூவுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஐந்தும் அசைந்தன. மகனுக்கு போன் செய்து, "டேய், உன் சீட்டை நான் இறக்கிட்டேன்" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.