சலுகைப் பாடம்

நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகைகளை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் போதித்து வந்தோம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) காட்டிய இவ்வழி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆனால், முடக்குவாதம் எம்மைப் பற்றியபோது அப்பாடத்தை எமக்குரியதாக ஏற்க மறுத்தோம்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவது இந்நோய். வைகறையில் விரல்கள் மரக்கட்டைகளாகிவிடும். அவை இளக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஸுப்ஹுக்கு உளூச் செய்யக் குழாயைத் திருகவியலாது நின்றிருக்கின்றோம். ஆயினும், நாற்காலியில் அமர மனம் ஒப்பவில்லை. ஹஜ்ரத்தே உட்கார்ந்துவிட்டாரா என்பார்களே! அதைப் பேணுதல் என்றே எண்ணியிருந்தோம். பெருமை என்று எழுத இப்போது கூசுகிறது.

ஒருநாள் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாது போயிற்று. தொழுகை முடிந்தபின் அருகிலிருந்த மாணவர் எம்மைத் தூக்கிவிட்டு, தயங்கித் தயங்கி, "ஹஜ்ரத், அந்தச் சலுகைப் பாடம் எங்களுக்கு மட்டும்தானா?" என்றார்.

மறுநாள் நாற்காலி வந்தது. மருத்துவர் முன்பே சொல்லி நாம் அலட்சியம் செய்தவையும் உடன் வந்தன: விழித்ததும் வெந்நீரில் கைகளை அமிழ்த்துதல், பேனாவுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குதல், மெதோட்ரெக்ஸேட் மாத்திரை. அம்மாத்திரை வாரம் ஒருமுறைக்கே உரியது. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டோம். ஈரலின் நிலையறிய அவ்வப்போது இரத்தச் சோதனையும் உண்டு.

வலி முற்றும் போய்விடவில்லை. ஆயினும், தொழுகையில் ஓதுவது இன்னதென்று இப்போது எமக்குக் கேட்கிறது. முன்பு முழங்கால் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.