மிதமான சுற்று

ஏற்காட்டில் ஏரியருகே தொடங்கி ஏரியருகே வந்து முடியும் சாலை ஒன்று இருக்கிறது. 32 கிலோமீட்டர். ஊர்க்காரர்களும் அதை லூப் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி, இடையில் நாகலூர் மாதிரிச் சிற்றூர்கள். சேலத்திலிருந்து மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடு வண்டியில் கடந்துவிட்டால், மீதியைச் சைக்கிளில் சுற்றுவது நாற்பதை நெருங்குகிறவனுக்கும் அசாத்தியமில்லை. மிதமான சுற்று என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கவிதை எழுதுகிறவர். அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார். காரணம் இருவருக்கும் தெரியும். அவருடைய முதல் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையின் கடைசி வரியில் 'மிதமான வெற்றி' என்றிருந்தேன்.

இருந்தும் வர ஒப்புக்கொண்டார். திட்டமிடும் பொறுப்பு என்னுடையது. இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடத்தை விரித்துக்கொண்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். அதில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர். சம உயரக்கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஐந்தாவது கோடு தடித்திருக்கும். கோடுகள் நெருங்கிய இடத்தில் சாலை அவற்றை வெட்டிச் சென்றால் செங்குத்து. கோட்டோடு சேர்ந்தே சாலையும் போனால் சமதளம். நூலைச் சாலையின்மீது வளைத்து வைத்து அளந்தேன். 64 சென்டிமீட்டர் வரவேண்டும். கொஞ்சம் குறைவாகவே வந்தது. சிறு வளைவுகளை வரைபடம் நேராக்கிவிடுகிறது. அதை அப்போது ஒரு தகவலாக மட்டுமே குறித்துக்கொண்டேன்.

பிறகு கணக்கு. நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 78,000 ஜூல் வேண்டும். தின்றதில் கால் பங்கைத்தான் உடம்பு பெடலுக்குக் கொடுக்கும் என்பதால், 100 மீட்டருக்குச் சுமார் 75 கிலோ கலோரி. அதாவது ஒன்றிரண்டு இட்லி. மே மாதம் கோடை விழாக் கூட்டம், ஆகாது. அக்டோபர், நவம்பரில் மழை. ஈரச் சருகில் டயர் வழுக்கும். ஜனவரி நல்லது. எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் முக்கியம். ஒரு திசையில் ஏற்றமாக இருப்பது மறு திசையில் இறக்கம். கடுமையான ஏற்றம் கால் சோராத காலையிலேயே வந்துவிட வேண்டும். நீண்ட இறக்கம் பனி விலகின பிறகு வரவேண்டும். எங்கே தண்ணீர் குடிப்பது என்பதுவரை எழுதி அவரிடம் கொடுத்தேன். கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தேன்: புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால் நிகர ஏற்றம் பூஜ்யம். வரவும் செலவும் சரியாக நிற்பதைப் பார்த்தால் வங்கிக்காரனுக்கு ஒரு சந்தோஷம்.

நண்பர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "நீங்க மேசையிலேயே போயிட்டு வந்துட்டீங்க. அப்புறம் சைக்கிள் எதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் புஸ்தகத்தையும் இப்படித்தான் படிச்சீங்க" என்றார். நான் திட்டத்தை விட்டுவிட்டு மதிப்புரையை நியாயப்படுத்தத் தொடங்கினேன். நாற்பத்தொரு கவிதைகளில் தேறியவை ஒன்பது என்று எழுதியிருந்தேன். அந்த எண்ணிக்கையை இன்னொரு முறை அவர் எதிரிலேயே விரல்விட்டு ஒப்பித்தேன். அவர் எழுந்து போனார். ஜனவரியில் நான் தனியாகத்தான் போனேன்.

திட்டத்தில் பெரிய பிழை ஒன்றுமில்லை. கடுமையான ஏற்றம் சொன்ன இடத்தில் வந்தது. தண்ணீரும் அப்படியே. ஆனால் கோட்டோடு சேர்ந்தே போகிறது, சமதளம் என்று நான் பென்சிலால் அடித்து வைத்திருந்த இடத்தில் சாலை ஓயாமல் ஏறியது, இறங்கியது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கலாம். 20 மீட்டருக்கு ஒரு கோடு போடும் வரைபடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே எழுந்து அடங்கும் மேட்டுக்குத் தடயமே இராது. கால் மட்டும் ஒன்றையும் விடாமல் எண்ணிக்கொண்டு வந்தது.

முதலில் எரிச்சல்தான். பத்தாவது மேட்டிலோ பதினோராவதிலோ வேறொன்று தெரிந்தது. பெரிய இறக்கங்களில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருந்ததால், ஏறிச் சேர்த்ததெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விட்டது. நிகரம் பூஜ்யம் என்ற என் கணக்கு உடம்புக்குப் பொருந்தாதது அதனால்தான். சிறு பள்ளத்தில் பிரேக் தேவைப்படவில்லை. அதில் சேர்ந்த வேகமே எதிர் மேட்டில் பாதி தூரம் ஏற்றிவிட்டது. பள்ளத்தைத் தனியே எடுத்து இது தாழ்வு என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று பட்டது.

அப்போது நண்பரின் கவிதை ஒன்று நினைவுக்கு வந்தது. மழையில், பஸ் நிலையத்தில், தன்னை அழைத்துப்போக நிற்கும் அப்பாவைப் பற்றியது. முடிவில் சரிந்துவிடுகிறது என்று எழுதி, தேறாதவற்றில் சேர்த்திருந்தேன். தேறிய ஒன்பதில் நான் மிக உயர்த்திச் சொன்ன கவிதை அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவனாகவே நான் எழுதவில்லை. ஒன்பதைப் பொறுக்கியெடுத்து, நாற்பத்தொன்றால் வகுத்து, மிதம் என்று சராசரி கண்டேன்.

ஊர் திரும்பி அந்தப் புஸ்தகத்தை ஒரே அமர்வில், அச்சான வரிசையில் படித்தேன். இதனால் எல்லாக் கவிதையும் உயர்ந்துவிடவில்லை. எதையும் முன்னால் தள்ளாத வெறும் பள்ளங்களும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் அவை எவை என்பதில் என் பட்டியல் தப்பு. 'மிதமான வெற்றி' என்பது அந்தப் புஸ்தகத்தைப் பற்றிய வாக்கியமே அல்ல; நான் அதன்மேல் வைத்த அளவுகோலைப் பற்றியது.

இதையெல்லாம் நண்பருக்கு எழுத நினைத்து, மூன்று கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றும் மறுபடி மதிப்புரையாகவே வந்து நின்றது. கடைசியில் ஒரு தபால் அட்டையில், அடுத்த ஜனவரியில் எதிர்த்திசையில் சுற்றலாம், தண்ணீர் மட்டும் இரண்டு பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.